மின்பெட்டிக்கு எஞ்சிய இடம்

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்த சிறு அடுக்ககங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றோ இரண்டோ கிரவுண்டு மனை. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் வண்டி நிறுத்துமிடம். மேலே மூன்று, நான்கு தளங்கள், தளத்துக்கு இரண்டு வீடு, நடுவில் ஒரே ஒரு மாடிப்படி. அனுமதிக்காகக் கொடுக்கப்பட்ட வரைபடத்தை விரித்தால் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மழைநீர்க் குழி, கார் நிற்க வேண்டிய செவ்வகங்கள், படியின் அகலம் எல்லாம் அளவோடு இருக்கும். பெரிய வளாகம் என்றால் மீட்டர் அறையும் டிரான்ஸ்ஃபார்மருக்கான இடமும்கூடக் காட்டியிருப்பார்கள். எட்டு வீட்டுக் கட்டடத்தின் வரைபடத்திலோ மீட்டர்கள் எந்தச் சுவரில், வீட்டுக்குள் டி.பி. பெட்டி எங்கே என்ற தகவல் பெரும்பாலும் இருப்பதில்லை. கூரை போட்டு, சுவர் எழுப்பி, பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு நாள் பில்டரும் எலக்ட்ரீஷியனும் வந்து நிற்பார்கள். சுவரில் சாக்பீஸால் ஒரு செவ்வகம் போடப்படும். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியபின் எஞ்சிய இடம் எதுவோ அது மின்பெட்டிக்கு.

மின்பெட்டி எங்கே என்ற கேள்வியில் இரண்டு பெட்டிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, வீட்டுக்குள் இருக்கும் டி.பி. என்னும் பகிர்வுப் பெட்டி: மின்னோட்டம் மிகுந்தால் விழும் எம்.சி.பி.களும் மின்சாரம் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி.யும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் உலோகப் பெட்டி. மற்றது கீழே வண்டி நிறுத்துமிடத்தில் எல்லா வீட்டு மீட்டர்களும், அவற்றின் கட்அவுட்களும், தெருவிலிருந்து வரும் சர்வீஸ் கேபிளும் கூடும் மெயின் போர்டு. வீடு வாங்குகிறவரின் கவலையும் நம் விதிநூல்களின் நுணுக்கமான அறிவுரைகளும் அதிகமாக மேலே உள்ள பெட்டியைப் பற்றியவை. உயிர்களைப் பறித்ததோ அதிகமும் கீழே உள்ள போர்டு.

முதலில் மேலே உள்ளதைப் பார்ப்போம். மின்கம்பி அமைப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ்.732, கட்டடங்களுக்குப் பொதுவானது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சுவிட்ச் போர்டு எங்கே கூடாது என்பதை இந்த மரபில் வந்த நூல்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. கேஸ் அடுப்புக்கு மேலே கூடாது. சிங்குக்கு மேலே கூடாது. குளியலறை, கழிப்பறை, சமையலறை ஆகியவற்றுக்குள் கூடாது. துணி துவைக்கும் அறையில் கழுவும் இடத்திலிருந்து இரண்டரை மீட்டருக்குள் கூடாது. முன்பக்கம் கதவு போட்டு முழுக்க மூடாத போர்டு என்றால் அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 1.25 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. குழந்தையின் கையை மனத்தில் வைத்து எழுதிய அளவு அது. வீட்டு மின்பகிர்வுப் பெட்டி தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேலே போகக்கூடாது. இது பெரியவர்களின் கைக்காக. திறந்த வகைப் போர்டு பேட்டரிகளுக்கு அருகில் கூடாது. இவை போகப் பகிர்வுப் பெட்டி, தான் கட்டுப்படுத்தும் சுமையின் நடுவுக்கு முடிந்தவரை அருகில் இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றுக்குச் செல்லும் ஒயர் நீள நீள வோல்டேஜ் குறையும், ஒயர் சூடேறும். ஆகவே அந்த வரி.

நடப்பு வேறு. பெட்டி பெரும்பாலும் வாசற்கதவை ஒட்டிய சுவரில்தான் வரும். கீழிருந்து ஏறும் கேபிள் படிக்கட்டுப் பக்கமாக வருவதால் அங்கேயே பெட்டியை வைத்துவிட்டால் பில்டருக்குத் தடித்த கேபிளில் சில மீட்டர் மிச்சம். இதைக் குறை சொல்ல முடியாது. வாசல் பக்கம் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு: புகை கிளம்பினால் வெளியே ஓடுகிற வழியிலேயே மெயினை இறக்கிவிட்டு ஓடலாம். சிக்கல் உயரத்தில். கதவுக்கு மேலே, பரணின் அடிமட்டத்தில், ஏழரை எட்டு அடி உயரத்தில் பெட்டியைப் பதிப்பது இந்தப் பகுதியில் பரவலான பழக்கம். சுவர் அழகு கெடாது; குழந்தை தொடாது; செருப்பு அலமாரி வைக்க இடம் கிடைக்கும். ஆனால் மழை இரவில் ஆர்.சி.சி.பி. விழுந்துவிட்டால், வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரர் இருட்டில் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஷாக் அடிக்காமல் காக்க வைத்த கருவி இடுப்பெலும்பை முறிக்கும் கருவியாகிவிடும். 2 மீட்டர் என்ற அளவு ஆறரை அடிக்குச் சற்றுக் கூடுதல். அமெரிக்க மின்விதியும் கைப்பிடியின் உச்ச உயரத்தைக் கிட்டத்தட்ட இதே அளவில்தான் நிறுத்துகிறது.

ஆர்.சி.சி.பி. விழுவதைத் தொல்லையாக நினைத்து அதை நேரடியாக இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்களும் உண்டு. கை எட்டாத உயரத்தில் பெட்டி இருப்பது இந்தத் தவறுக்கு நேரடியான தூண்டுதல். எளிதாக மீண்டும் தூக்கிவிட முடிந்தால் யாரும் அதைக் கழற்றச் சொல்லமாட்டார்கள். வீடுகளில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிவு ஏற்பட்டால் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. சிங்கப்பூர் இதில் ஒரு படி மேலே போனது. பழைய வீடுகள் உட்பட எல்லாக் குடியிருப்புகளிலும் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று 2023 ஜூலை முதல் கட்டாயமாக்கி, பழைய வீடுகளுக்கு இரண்டாண்டு அவகாசம் கொடுத்தது. நம்மிடம் விதி இருக்கிறது. எண்பதுகளில் கட்டிய வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் கிட்காட் ஃபியூஸ் போர்டைப் போய்ப் பார்க்கிறவர் இல்லை.

இனி வாஸ்து. இதைச் சிரித்துவிட்டுக் கடந்து போக முடியாது, ஏனென்றால் மேற்குப் புறநகரில் பெட்டியின் இடத்தைத் தீர்மானிப்பதில் தரநூலைவிட இதற்குச் செல்வாக்கு அதிகம். மின்சாரம் நெருப்பைச் சேர்ந்தது, ஆகவே அக்னி மூலையான தென்கிழக்கில்தான் மெயின் இருக்க வேண்டும், ஈசானியத்தில் கூடவே கூடாது என்பார்கள். தென்கிழக்கில் ஏற்கெனவே இருப்பது சமையலறை. எனவே பெட்டி சமையலறைக்குள்ளோ அதை ஒட்டிய சர்வீஸ் பால்கனிக்கோ போகிறது. அந்தப் பால்கனியில் வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் தொட்டி, கேஸ் சிலிண்டர், சாரல் எல்லாம் உண்டு. விதிநூல் விலக்கியவற்றில் பலவும் ஒரே இடத்தில். இதில் எனக்குத் தோன்றுவது: வாஸ்துவைக் கைவிடச் சொல்லிப் பயனில்லை, தேவையுமில்லை. சமையலறையின் சுவரிலேயே, ஆனால் அதன் மறுபக்கமான கூடத்து முகத்தில், பெட்டியை வைத்தால் திசையும் பிழைக்கும், விதியும் பிழைக்கும். அக்னிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதம் கிடையாது என்று எந்த வாஸ்து நிபுணரையும் ஒப்புக்கொள்ள வைத்துவிடலாம்.

எந்தச் சுவரில் என்பதுபோலவே எப்படிப்பட்ட சுவரில் என்பதும் கேள்விதான். நாலரை அங்குல உள்சுவரில் பெட்டியைப் பதிக்க வெட்டினால் பின்னால் மிஞ்சுவது ஒரு பூச்சும் கொஞ்சம் செங்கல் ஓரமும்தான். மறுபக்கம் குளியலறை என்றால் ஷவர் குழாயின் ஆணியோ டைல்ஸ் இடுக்கில் இறங்கும் ஈரமோ பெட்டியின் முதுகைத் தொட்டுவிடும். வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், வெட்டத் தாங்கும். ஆனால் மேற்குப் பார்த்த வெளிச்சுவர் வேறொரு தொல்லை. எம்.சி.பி.கள் 30 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைத்து அளவு குறிக்கப்பட்டவை. மே மாத மாலை நான்கு மணிக்கு, நாளெல்லாம் வெயில் வாங்கிய சுவருக்குள், மூடிய பெட்டியில், ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் எம்.சி.பி.கள் தம்மேல் எழுதிய ஆம்பியருக்கு முன்பே விழும். ஏசிக்காக வைத்தது அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் புகார் சொல்வார்; எலக்ட்ரீஷியன் பெரிய எண் போட்ட எம்.சி.பி.யை மாட்டிவிட்டுப் போவார். ஒயர் அதே பழைய ஒயர். சுவரின் சூடு இப்படி ஒயரின் சூடாக மாறிவிடுகிறது.

மேல்தளத்துக்காரர்கள் அறிந்த இன்னொன்று, மொட்டை மாடித் தண்ணீர் பெட்டிக்குள் சொட்டுவது. கூரைக் கான்கிரீட்டுக்குள் புதைத்த ஒயர் பைப்புகள் எல்லாம் பெட்டியில்தான் வந்து முடிகின்றன. மாடியில் ஒரு விரிசல் போதும். தண்ணீர் பைப் வழியாக நடந்து வந்து நேராக எம்.சி.பி. தலையில் இறங்கும். பெட்டியின் மேற்பக்கத் துளைகளை அடைக்காமல் விடுவது இதற்குப் பாதிக் காரணம். மீதிக்குக் காரணம் இடம்: தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே, மாடியின் நீர் வடியும் மூலையில், பெட்டியை வைத்தது.

இன்வெர்ட்டரைச் சேர்த்தே ஆக வேண்டும். 2008 முதல் சில ஆண்டுகள் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் நுழைந்த பொருள் அது. மின்வெட்டு குறைந்தபின்னும் போகவில்லை. டி.பி.யிலிருந்து ஒயர் எடுக்க வசதியாக இருக்கும் என்று பெட்டிக்கு நேர் கீழேயே பேட்டரியை வைக்கிறார்கள். தண்ணீர் ஊற்றும் வகை லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். அமில ஆவி செம்பு முனைகளை அரிக்கும். காற்றோட்டமான பால்கனியில் வைத்துக் கொஞ்சம் கூடுதல் ஒயர் இழுப்பது நல்லது. பேட்டரியைவிட மோசமானது இன்டீரியர் வேலை. கடன் வாங்கி வாங்கிய வீட்டில் வெள்ளைப் பெட்டி கண்ணை உறுத்துகிறது என்று டி.வி. யூனிட்டின் பிளைவுட் பலகைக்குப் பின்னாலும் துணி அலமாரிக்குள்ளும் மூடிவிடுகிறார்கள். அமெரிக்க மின்விதி துணி அலமாரிக்குள்ளும் குளியலறைக்குள்ளும் இத்தகைய பெட்டியைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. பெட்டிக்கு முன்னால் சுமார் மூன்று அடி ஆழத்துக்கு எதுவும் இருக்கக்கூடாது. பிரிட்டனில் பெட்டியின் உறையே பற்றி எரிந்த அனுபவங்களுக்குப் பிறகு, 2016 ஜனவரி முதல் வீட்டுப் பெட்டிகளின் உறை தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நடைமுறையில் அது உலோகம். நம்மூரில் உலோகப் பெட்டி ஏற்கெனவே வழக்கம். அதைச் சுற்றிப் பிளைவுட்டும் லேமினேட்டும் ஒட்டிக்கொள்வது நம் தனிக் கண்டுபிடிப்பு.

இத்தனையும் சொன்னபிறகும், வீட்டுக்குள் உள்ள பெட்டி ஒப்பீட்டில் அடங்கிய பிராணி. அதற்கு மேலே, கீழே எல்லா இடத்திலும் காவல் இருக்கிறது. கோளாறு வந்தால் எம்.சி.பி. விழும், கசிந்தால் ஆர்.சி.சி.பி. விழும். கீழே உள்ள மெயின் போர்டின் கதை அப்படியல்ல. வீட்டுக்கு வீடு வைத்த பாதுகாப்பெல்லாம் மீட்டருக்குப் பிறகுதான் தொடங்குகிறது. தெருவிலிருந்து வரும் கேபிள், அது பிரியும் பஸ்பார், கட்அவுட்டுகள், மீட்டர் முனைகள் ஆகிய பகுதிக்குக் காவல், தெருமுனைப் பில்லர் பாக்ஸில் இருக்கும் பெரிய ஃபியூஸ் ஒன்றுதான். ஒரு முனை தளர்ந்து, அந்த இடத்தில் மட்டும் தடை கூடி, சூடாகி, கேபிளின் பி.வி.சி. உருகத் தொடங்கினால் மின்னோட்டம் வழக்கமான அளவிலேயே இருக்கும். எந்த ஃபியூஸுக்கும் எதுவும் தெரியாது. அலுமினியக் கேபிளைச் செம்பு முனையில் சரியான லக் இல்லாமல் முறுக்கி வைத்திருந்தால் இது சீக்கிரம் நடக்கும். மே மாத இரவில், எட்டு வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில், இன்னும் சீக்கிரம்.

நியூட்ரல் தளர்வது இதன் இன்னொரு முகம். கட்டடத்துக்கு மூன்று பேஸ் வருகிறது. வீடுகள் ஆளுக்கொரு பேஸில் பிரிக்கப்பட்டு எல்லாவற்றுக்கும் நியூட்ரல் பொது. பொது நியூட்ரல் அறுந்தால் இரண்டு பேஸ்களுக்கு இடையில் உள்ள சுமார் 400 வோல்ட்டை வீடுகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். அதிக சுமை உள்ள வீட்டில் விளக்கு மங்கும்; ஒரு டி.வி.யும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடும் வீட்டில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி எல்லாம் கருகும். ஒரே நாளில் நாலு வீட்டு ஃபிரிட்ஜ் போய்விட்டது என்று கேள்விப்படும்போது பெரும்பாலும் குற்றவாளி கீழே உள்ள அந்த ஒரு முனைதான்.

இப்படிப்பட்ட போர்டை எங்கே வைக்கிறோம்? மாடிப்படியின் அடிவாரத்தில், அல்லது படியின் சரிவுக்குக் கீழே இருக்கும் பொந்தில். அதற்கு நேர் முன்னால் பைக்குகள். மீட்டர் கணக்கெடுக்க வருபவர் மாடி ஏறாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். படிக்கடியில் வேறு எதற்கும் பயன்படாத சுவர் கிடைக்கிறது. பூட்டிய கேட்டுக்குள் இருப்பதால் யாரும் கை வைக்கமாட்டார்கள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வந்தபிறகு ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்பு வாங்கும் ஆசையும் சேர்ந்து, எட்டு மீட்டருக்கான சுவரில் பன்னிரண்டு மீட்டர் நெருக்கியடித்துத் தொங்குவதையும் பார்க்கலாம்.

2017 மே 8 அதிகாலை வடபழனியில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தது. தரைத்தளத்தில் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. பெட்ரோலும் டயரும் எரிந்த கரும்புகை ஒரே மாடிப்படி வழியாக மேலே ஏறியது. குழந்தைகள் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். மீட்டர் பெட்டிப் பக்கம் தொடங்கிய தீ என்றுதான் முதலில் செய்தி வந்தது. தொடக்கம் எதுவாக இருந்தாலும், பரவிய வழியைப் பற்றிச் சந்தேகம் இல்லை: மீட்டர், வண்டி, படி மூன்றும் ஒரே இடத்தில். டெல்லி ஜாகிர் நகரில் 2019 ஆகஸ்ட் 6 அதிகாலை இதே வரிசை. தரைத்தள மின்பெட்டியில் தீ, கீழே வண்டிகள், மேலே தூங்கும் குடும்பங்கள், ஆறு உயிர்கள். இரண்டிலும் இறந்தவர்களில் யாரும் தம் வீட்டுக்குள் உள்ள பெட்டியை எங்கே வைத்திருந்தார்கள் என்பதால் இறக்கவில்லை.

போர்டுக்கு முன்னால் இடம் விடுவது இந்தப் பகுதி அறியாததல்ல. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. அங்கே பேனல் போர்டு செய்து விற்கும் பட்டறைகளே உண்டு. அந்தப் பேட்டையில் ஒழுங்காக நடக்கும் எந்த ஆலைக்குள்ளும் போய்ப் பாருங்கள்: மெயின் பேனலுக்கு முன்னால் தரையில் மஞ்சள் பெயின்ட் கோடு, அதற்குள் ரப்பர் பாய், உள்ளே ஒரு அட்டைப்பெட்டிகூட வைக்கவிடமாட்டார்கள். 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட சுவிட்ச் போர்டுக்கு முன்னால் குறைந்தது ஒரு மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்பது சட்டவலு உள்ள விதி. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே ஏறக்குறைய இதே அளவு, மூன்றடி என்று இருந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்து 2023இல் புதுப்பித்த ஒழுங்குமுறைகள் அந்த வழியில் வந்தவை. அடுக்ககத்து மெயின் போர்டு மூன்று பேஸ், 400 வோல்ட். விதி அதற்கும் பொருந்தும். அதே ஆலையில் ஷிஃப்ட் முடித்து வரும் தொழிலாளி தன் குடியிருப்பில் பைக்கின் ஹேண்டில்பார் மீட்டர் கண்ணாடியைத் தொடும் அளவுக்கு நெருக்கி நிறுத்துகிறார். அவரைக் குறை சொல்லி என்ன? அவருக்கு ஒதுக்கிய இடமே அதுதான்.

படிக்கட்டைப் பற்றிக் கட்டட விதித்தொகுப்பு கண்டிப்பாகவே பேசுகிறது. மின்கேபிள் ஏறும் ஷாஃப்ட் படிக்கட்டுக்குள் திறக்கக்கூடாது. அது தனியாக இருக்க வேண்டும். தளத்துக்குத் தளம் தீயடைப்புப் பொருளால் அடைக்கப்பட வேண்டும். தண்ணீர்க் குழாயும் கேஸ் குழாயும் அதற்குள் வரக்கூடாது. தீ மேலே ஏறும் புகைபோக்கியாகப் படியும் ஷாஃப்டும் மாறிவிடக்கூடாது என்பதே நோக்கம். ஆனால் இதைச் சரிபார்ப்பது யார்? தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். தீயணைப்புத் துறையின் ஒப்புதல் முதலிய கெடுபிடிகள் அதன்பிறகுதான். கீழே பார்க்கிங், மேலே மூன்று தளம் என்பது அதற்குள் தாராளமாக அடங்கிவிடும். போதாததற்கு, எட்டு வீடுகள் வரை, 750 சதுர மீட்டர் வரை உள்ள குறைந்த உயரக் குடியிருப்புகளுக்குப் பணிமுடிப்புச் சான்றிதழே தேவையில்லை என்று 2024இல் தளர்த்தினார்கள். மின் இணைப்புக்காக மக்கள் அலைந்த அலைச்சலுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் மேற்குப் புறநகரின் மிகப் பெரும்பான்மை அடுக்ககங்கள் எந்த அளவில் கட்டப்படுகின்றனவோ அதே அளவில்தான், மீட்டர் எங்கே தொங்குகிறது என்று பார்க்கக்கூடிய கடைசி ஆளும் விலக்கப்பட்டுவிட்டார். மின்வாரியத்தின் ஊழியர் வருகிறார், உண்மை. அவர் பார்ப்பது சர்வீஸ் கேபிள், எர்த், மீட்டர் சீல். முன்னால் கார் நிற்குமா என்பது அவர் கேள்வி அல்ல.

இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் சேர்ந்துவிட்டன. மீட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு பிளக் பாயிண்ட் இழுத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடுவது வழக்கமாகிவிட்டது. வீட்டு டி.பி.யிலிருந்து தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.யோடு தனி ஒயர் இறக்காமல், மீட்டர் அவுட்புட்டிலேயே கொக்கி போட்டு எடுத்தால், அந்தப் பிளக்குக்குக் கசிவுக் காவல் கிடையாது. லித்தியம் பேட்டரி ஒருமுறை பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைப்பது கடினம். பெட்ரோல் பைக்கைத் தள்ளி நிறுத்தச் சொல்லும் காரணம் இதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

நெருப்பு ஒரு பக்கம் இழுத்தால் தண்ணீர் மறுபக்கம் இழுக்கிறது. மேற்குப் புறநகர் ஏரிகளின் ஊர். கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு, அயப்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளுக்கும் அவற்றின் கால்வாய்களுக்கும் இடையில்தான் மனைகள் பிரிக்கப்பட்டன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வண்டி நிறுத்துமிடங்களுக்குள் நீர் புகுந்தது. ஷாக் அடிக்கும் என்பதால் மின்வாரியம் பகுதி பகுதியாக இணைப்பைத் துண்டித்தது. தண்ணீர் வடிந்தபின்னும் நனைந்த போர்டுகள் காய்ந்து சோதிக்கப்படும்வரை பல இடங்களில் விளக்கு எரியவில்லை. 2017 நவம்பரில் கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்ததும், சாலையோரப் பில்லர் பாக்ஸ்களை உயர்த்தும் பேச்சு வேகம் பிடித்தது. தெருவில் உள்ள பெட்டி உயர்கிறது. கேட்டுக்குள் உள்ள பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தார் மேலேயே போட்டு உயர்த்துவதால், கட்டும்போது தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருந்த மீட்டர் பத்தாண்டில் சாலை மட்டத்திலிருந்து இரண்டரை அடிக்கு இறங்கிவிடுகிறது. எனவே உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் அந்தத் தெருவில் வந்த கடைசி வெள்ளத்தின் கறையிலிருந்து அளக்க வேண்டும். தெருவாசிகள் எல்லோருக்கும் அந்தக் கறை எங்கே என்று தெரியும். போர்டின் அடி அதற்கு மேலே இருக்க வேண்டும், உச்சி கைக்கு எட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மூன்றடிக்குக் குறைவான பட்டைதான் கிடைக்கும். எனவே போர்டு உயரமாக அல்லாமல் அகலமாகப் பரவ வேண்டும்; அகலத்துக்குச் சுவர் வேண்டும். படிக்கடிப் பொந்தில் அந்தச் சுவர் இல்லை.

எனில் எங்கே? என் கணிப்பில் சிறு அடுக்ககத்துக்கு ஏற்ற இடம் கட்டடத்துக்குள்ளேயே இல்லை. படிக்கட்டிலிருந்து தள்ளி, பக்கவாட்டு இடைவெளியில், வெளிச்சுவரையோ காம்பவுண்டு சுவரையோ சார்ந்து, வெயிலும் சாரலும் படாத கூரையுடைய, காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய அலமாரி. கேட்டுக்கு அருகில் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே மெயின் சுவிட்ச். தீயணைப்பு வண்டி வந்தால் வீரர் முதலில் கேட்பது மின்சாரத்தை எங்கே நிறுத்துவது என்பதுதான். எரிகிற போர்டிலேயே அந்தச் சுவிட்சும் இருந்தால் ஈ.பி.காரர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அடிமனையின் ஒவ்வொரு அங்குலத்தையும் கணக்குப் பார்க்கும் இடத்தில் இது எளிதல்ல. பக்கவாட்டு இடைவெளியை அடைத்தால் அதுவும் விதிமீறல் ஆகிவிடும். ஒரு அடி ஆழ அலமாரிக்காவது விதியிலேயே வெளிப்படையான இடம் கொடுக்க வேண்டும். மீட்டர்களைத் தளத்துக்குத் தளம் பிரித்து வைக்கலாம் என்ற யோசனையும் உண்டு. கணக்கெடுப்பவர் மாடி ஏற மாட்டார் என்பதே அதற்கு இதுவரை தடை. தொலைவிலிருந்தே அளவு சொல்லும் ஸ்மார்ட் மீட்டர்கள் வந்தால் அந்தத் தடை விழும். ஆனால் அடைக்காத ஷாஃப்டும் ஒற்றைப் படியும் உள்ள கட்டடத்தில் போர்டைப் படித்தளத்துக்கே கொண்டுபோவது ஒரு ஆபத்தை நாலாகப் பிரித்து ஏற்றுவதுதான். அதற்கு நான் ஓட்டுப் போடமாட்டேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கட்டுமான ஒப்பந்தத்தில் ஒயரின் பிராண்டும் சுவிட்சின் பிராண்டும் எழுதப்படுகின்றன, இடம் எழுதப்படுவதில்லை. மெயின் போர்டு எங்கே, வீட்டுப் பெட்டி எந்தச் சுவரில் எந்த உயரத்தில் என்று காட்டும் ஒரு பக்க மின்வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லலாம். சாக்பீஸ் செவ்வகம் போடும் நாளுக்கு முன்பு கேட்டால் செலவு ஏதுமில்லை.

இருக்கிற கட்டடங்களில் போர்டை நகர்த்துவது வீட்டுக்காரர் தானே செய்கிற வேலை அல்ல. மீட்டர் சீலைத் தொடக்கூடாது; பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, மதிப்பீட்டுத் தொகை கட்டி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை வைத்துச் செய்ய வேண்டும். செலவை எட்டாகப் பிரித்தால் தாங்கக்கூடியதே. தடுப்பது பணத்தைவிட அதிகமாக அந்த ஒரு மீட்டர் வெற்றிடம். போர்டுக்கு முன்னால் உள்ள இடத்தை பில்டர் யாருக்கோ கார் பார்க்கிங் என்று தனி விலைக்கு விற்றிருப்பார். வாங்கியவர் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று தான் காசு கொடுத்ததாகச் சொல்வார். 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பாஞ்சாலி கூட்டுறவு வீட்டு வசதிச் சங்க வழக்கில், தூண்களுக்கு இடையிலான வண்டி நிறுத்துமிடத்தை வீட்டிலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பு என்றாலும், சங்கக் கூட்டத்தில் சொல்லத் தகுந்த வாதம். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் பொது இடங்களின் பராமரிப்பைச் சங்கத்தின் கையில் கொடுத்திருக்கிறது. போர்டை நகர்த்தும் விண்ணப்பம் பிரிவு அலுவலகத்தில் நகர மாதங்கள் ஆகலாம். போர்டின் முன்னால் ஒரு மீட்டர் அளந்து மஞ்சள் பெயின்ட் அடித்து, உள்ளே நிற்கும் பைக்குகளை வெளியே தள்ளுவதற்குச் சங்கத்தின் தீர்மானம் ஒன்று போதும்.